எட்டேகால் மணிக்கு வாசிக்காத பெயர்

கூலபின்
மார்ச் 4, திங்கள்

திருமதி நோலா ஹடாட் அவர்களுக்கு,

கையெழுத்தைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். ஒரு வரி மேட்டில் ஏறுகிறது, அடுத்த வரி பள்ளத்தில் இறங்குகிறது. அழுத்தி எழுதியதில் இரண்டு இடங்களில் தாள் கிழிந்தும்விட்டது. எழுபத்தேழு வயதில் நான் எழுதும் முதல் கடிதம் இது. எழுதி முடிக்க மூன்று நாள் ஆகும் போலிருக்கிறது.

நான் க்ளெம் ட்ரெகியர். கூலபின் வானொலி நிலையத்துக்கு இருபது வருடமாகத் தினமும் காலை ஏழே முக்காலுக்குப் போன் செய்து, என் மழைமானியில் எத்தனை மில்லிமீட்டர் மழை என்று சொன்னவன். நீங்கள் அதை ஒலிபரப்பில் சொல்வீர்கள். பிறகு எட்டேகாலுக்கு இறுதிச்சடங்கு அறிவிப்பு வாசிப்பீர்கள். யார் போனார், எந்தச் சர்ச், எத்தனை மணி. இந்த ஊரில் யாரும் அந்த ஐந்து நிமிடம் அடுப்பைக்கூடப் பற்றவைக்க மாட்டார்கள்.

போன ஜூனில் நிலையத்தைச் சாத்தினார்கள். நீங்கள் போர்ட் ஹாலமுக்குப் போனீர்கள். ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. இப்போது அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் கடலோரத்தில் உட்கார்ந்து பதினோரு ஊருக்கும் நீங்களே பேசுகிறீர்களாம். எட்டேகாலுக்கு எங்களுக்குப் பாட்டு வருகிறது. ஒரு பெண் தன்னை விட்டுப் போனவனை நினைத்து அழுகிறாள். அதே பெண் பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அழுகிறாள். மத்தியானம் இரண்டரைக்கும் அழுகிறாள். கம்பளிக் கொட்டகையில் ஆட்டை எண்ணுவதுபோல நான் கோடு போட்டு எண்ணிப் பார்த்தேன். ஒரே வாரத்தில் முப்பத்தோரு தடவை. அவன் திரும்பி வந்து தொலைந்தாலாவது எங்களுக்கு நிம்மதி.

இது விளையாட்டுக்கு எழுதிய கடிதம் அல்ல. ஆகஸ்ட் மாதம் டட்லி பெக் இறந்தார். நாற்பது வருடம் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஆட்டு மயிர் கத்தரித்தோம். அவர் கடைசிக் காலத்தில் எண்பது கிலோமீட்டர் தள்ளி மகள் வீட்டில் இருந்தார். கத்திரி என்றால் டட்லி என்று கொட்டகையில் சொல்வார்கள். செவ்வாய் பத்து மணிக்கு அவரை அடக்கம் செய்தார்கள். அந்தப் பத்து மணிக்கு நான் சமையலறையில் வானொலிக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பதினைந்து நாள் கழித்துக் கடையில் ஒருத்தி, "ஏன் க்ளெம், டட்லியோட சடங்குக்கே வரலியே, சண்டையா?" என்று கேட்டாள்.

உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்து, "புகார்னா எழுத்துல குடுக்கணும் சார். வாய்ல சொன்னா எடுத்துக்க மாட்டோம்" என்றாள்.

எனக்கு எழுதத் தெரியாது என்று அவளிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவி ஜோன் இருந்தவரை எல்லாவற்றையும் அவள் படித்தாள். செப்டம்பரில் நூலகத்தில் நடக்கும் எழுத்து வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். ஆறு மாதம் ஆயிற்று. இதோ எழுத்தில் கொடுத்துவிட்டேன். எட்டேகால் அறிவிப்பைத் திரும்பக் கொண்டுவாருங்கள். என்னைப்போல இன்னொருவர் சமையலறையில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

க்ளெம் ட்ரெகியர்

பி.கு. என் பெயரை நானே எழுதியிருக்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது.

•

போர்ட் ஹாலம்
மார்ச் 13

அன்புள்ள திரு. ட்ரெகியர்,

தங்கள் புகார் கிடைத்தது. கூலபின் ஒலிபரப்பில் விதிப்படி தினமும் தரவேண்டிய உள்ளூர் நிகழ்ச்சி நேரம் முழுமையாகத் தரப்படுகிறது. பாடல்கள் நேயர் ஆய்வின் அடிப்படையில் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. இறுதிச்சடங்கு அறிவிப்புகள் தற்போதைய நிகழ்ச்சி அமைப்பில் இடம்பெறவில்லை. தங்கள் அக்கறைக்கு நன்றி.

மேலே உள்ளது அலுவலகம் எழுதச் சொன்னது. இனி நான் எழுதுகிறேன்.

சொல்லிக்கொள்ளாமல் போனேன் என்கிறீர்கள். க்ளெம், அதைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் எழுந்து வெளியே போய் நின்றேன். கூலபினில் இருபத்தாறு வருடம் பேசினேன். கடைசி வாரத்தில் நான் கடிதம் எழுதியது ஒரே ஒருவருக்கு. அது நீங்கள். என் கையால் எழுதி, நானே தபால் பெட்டியில் போட்டேன். அதில் என் வீட்டுப் போன் எண் இருந்தது. ஜூன் கடைசிவரை, ஜூலை முழுவதும் ஏழே முக்காலுக்குப் போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள்கூட நீங்கள் கூப்பிடவில்லை. சரி, நிலையம் போனதும் நானும் போனேன் என்று விட்டுவிட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்கள், அடுத்த வெள்ளியோடு கதவைச் சாத்துகிறோம் என்று. என்னைக் கேட்டு யாரும் சாத்தவில்லை. இங்கே எனக்குக் கொடுத்திருப்பது ஜன்னல் இல்லாத ஓர் அறை. நாளைக்கு வருவதை இன்றைக்கே பேசி வைக்கிறேன். பதினோரு ஊருக்கும் "காலை வணக்கம்" சொல்லி முடிக்க நாற்பது நிமிடம் ஆகிறது. அந்தப் பெண்ணின் அழுகையை நான் தேர்ந்தெடுக்கவில்லை. முன்னூற்றுப் பன்னிரண்டு பாட்டு இருக்கிறது. எது எப்போது என்று கணினிதான் சொல்கிறது.

டட்லியை எனக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு நிலையத்துக்குப் பழ கேக் கொண்டுவருவார். அவர் போனது உங்கள் கடிதத்தைப் படித்துத்தான் எனக்கே தெரியும்.

நோலா

•

கூலபின்
மார்ச் 20

நோலாவுக்கு,

உன் கடிதம் வந்ததும் உட்கார்ந்து படித்தேன். இரண்டு மணி நேரம் ஆனது. முதல் பகுதி புரியவில்லை. நூலகத்தில் எனக்கு எழுத்துச் சொல்லித்தரும் ஃபியோனா படித்துவிட்டு, "இது யாருக்குமே புரியாது, விடுங்க" என்றாள். இரண்டாம் பகுதியை அவளிடம் காட்டவில்லை. நானே படித்தேன்.

உன் பழைய கடிதம் இங்கேதான் இருக்கிறது. கடிகாரத்துக்குப் பின்னால் ஒன்பது மாதமாக நிற்கிறது. வந்த அன்றே பிரித்தேன். அச்செழுத்தாக இருந்திருந்தால் தபால் நிலையத்தில் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று சொல்லி யாரையாவது படிக்கச் சொல்லியிருப்பேன். ஜோன் போனபின் அப்படித்தான் ஆறு வருடம் ஓட்டினேன். ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது, நான் உலகத்திலேயே அதிகம் கண்ணாடியை மறக்கும் ஆள் என்று. ஆனால் இது கையெழுத்து. ஒரு பெண் கைப்பட எழுதியது. அதை எப்படி இன்னொருவரிடம் நீட்டுவது? அதில் என்ன இருக்குமோ என்று கூச்சம். மடித்து வைத்துவிட்டேன்.

நேற்று அதை எடுத்து மேசையில் வைத்து விரலால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுப் படித்தேன். "க்ளெம், எட்டேகாலை எடுத்துவிட்டார்கள். தினமும் ஏழே முக்காலுக்கு இந்த எண்ணில் கூப்பிடுங்கள். மழையைச் சொல்லுங்கள். நான் இறுதிச்சடங்குகளை நடத்தும் அடக்க ஊழியரிடம் கேட்டு வைத்து உங்களுக்கு மட்டுமாவது பெயர்களை வாசிக்கிறேன்."

அவ்வளவுதான் எழுதியிருந்தாய். நான்கு வரி. அந்த நான்கு வரி ஆகஸ்டில் எனக்குத் தெரிந்திருந்தால் டட்லியின் சவப்பெட்டியை நானும் ஒரு பக்கம் பிடித்திருப்பேன்.

உன்மேல் ஒன்பது மாதம் கோபப்பட்டேன். அந்தக் கோபத்தில்தான் எழுத்தே கற்றுக்கொண்டேன். இப்போது அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கடிகாரத்துக்குப் பின்னால் இடம் இருக்கிறது.

ஆனால் ஒன்று. என் தவறு என் வீட்டோடு போகட்டும். மற்றவர்களுக்கு என்ன வழி? டிராக்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு வானொலிதான் இருக்கிறது. எட்டேகாலைத் திரும்பக் கேட்டுப் பார்.

க்ளெம்

•

போர்ட் ஹாலம்
மார்ச் 29

அன்புள்ள க்ளெம்,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எனக்கு நீங்கள் படிக்க மாட்டீர்கள் என்று தோன்றவே இல்லை. இருபத்தாறு வருடம் எல்லாவற்றையும் வாயால் சொன்னவள் நான். அன்றைக்கு மட்டும் போனில் அழுதுவிடுவேனோ என்று பயந்து எழுதினேன். எழுத வேண்டாத ஒரே ஆளுக்கு எழுதியிருக்கிறேன். அதை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

எட்டேகாலைப் பற்றி மேலாளர் ட்ரென்ட்டிடம் கேட்டேன். அவனுக்கு முப்பத்து நான்கு வயது. கெட்டவன் இல்லை. "சாவுன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தா அடுத்த நொடி வேற ஸ்டேஷனுக்குப் போயிடுவாங்க நோலா. காலைல ஜாலியா இருக்கணும்" என்றான். கூலபினில் அதற்காகத்தான் வானொலியையே போடுவார்கள் என்றேன். ஆய்வில் அப்படி வரவில்லை என்றான். ஆய்வில் கூலபின் ஆள் எத்தனை பேர் என்றேன்.  அதற்கு என் வேலைப் பட்டியலைப் பார்க்கச் சொன்னான்.

அப்படியே பார்த்தேன். கூலபின் உள்ளூர் நேரத்தை எதால் நிரப்புகிறோம் தெரியுமா? உங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி வானிலை. டயர் கடை விளம்பரம். "கூலபின் நண்பர்களே, உங்களுக்குப் பிடித்த பீட்சா எது?" உங்கள் ஊரில் பீட்சா கடையே இல்லை.

அந்தப் பட்டியலின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது. "நேயர் கடிதம், நாற்பது விநாடி." கூலபினுக்கு அது ஒன்பது மாதமாகக் காலி. யாரும் கடிதம் போடுவதில்லை. உள்ளூர்க் கணக்கில் சேர வேண்டுமானால் அந்த ஊர்த் தபால் முத்திரையோடு காகிதக் கடிதமாக வரவேண்டும், அதைக் கோப்பில் வைக்க வேண்டும். போன் செல்லாது. மின்னஞ்சலும் செல்லாது.

க்ளெம், உங்களிடம் இப்போது எழுத்து இருக்கிறது. மழையை எழுதுங்கள். கூடவே, இந்த வாரம் ஊர் எங்கே எத்தனை மணிக்குக் கூடுகிறது என்று எழுதுங்கள். "சாவு" என்ற சொல் வேண்டாம், "சடங்கு" வேண்டாம். உங்கள் ஊருக்குப் புரியும்.

நோலா

•

கூலபின்
ஏப்ரல் 8

நோலா,

இதோ முதல் கடிதம். அடக்க ஊழியரின் ஜன்னலில் ஒட்டியிருந்த சடங்கு அறிவிப்புத் தாளை நானே நின்று படித்தேன். அவர் வெளியே வந்து, "என்ன க்ளெம், கண்ணாடி இன்னிக்கு இருக்கு போல?" என்றார். இருக்கிறது என்றேன். கண்ணாடி எனக்கு எப்போதுமே தேவைப்பட்டதில்லை என்பதை அவருக்குச் சொல்லவில்லை.

நீ வாசிக்க வேண்டியது இது:

"அன்புள்ள நோலா, இந்த வாரம் என் மழைமானியில் இரண்டு மில்லி. தூசி அடங்கவில்லை. தையல்கடை ஐடா சாரலைப் பார்க்க எல்லோரும் புதன் 17, காலை பதினொரு மணிக்குப் பழைய கல் சர்ச்சுக்கு வருகிறோம். பிறகு பெண்கள் சங்கக் கூடத்தில் தேநீர், சாண்ட்விச். கூலபினிலிருந்து க்ளெம்."

சமையலறைக் கடிகாரத்தை வைத்து வாசித்துப் பார்த்தேன். எனக்கு நான்கு நிமிடம் ஆனது. உனக்கு நாற்பது விநாடியில் முடியும்.

தபால் வண்டி பத்து மணிக்கு. ஓடுகிறேன்.

க்ளெம்

•

போர்ட் ஹாலம்
ஏப்ரல் 18

க்ளெம்,

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.

திங்கள் உங்கள் கடிதத்தைப் பேசிப் பதிவு செய்தேன். நன்றாக வந்தது. ஒவ்வொரு ஊருக்கும் தனிப் பெட்டி உண்டு. பேசியதை அந்தப் பெட்டியில் போட்டால் கணினி அந்த ஊருக்கு அனுப்பும். நான் கூலபின் பெட்டியில்தான் போட்டேன். இத்தனை மாதம் காலியாக இருந்த இடம் என்பதால் கணினி அதைத் தவறு என்று எடுத்துக்கொண்டு, எங்கள் போர்ட் ஹாலம் பெட்டிக்கு மாற்றியிருக்கிறது. செவ்வாய் காலை ஐடா சாரலின் பெயரைக் கேட்டது கடலோரத்தில் அலைச்சறுக்குப் பலகையோடு நிற்பவர்கள். எங்களுடையது உங்களுக்கு வந்திருக்கும்.

புதன் காலைதான் கண்டுபிடித்தேன். மணி பதினொன்றரை. அதற்குள் சடங்கு தொடங்கியிருக்கும்.

ட்ரென்ட்டிடம் கத்தினேன். "இவ்ளோ ஏன் டென்ஷன், ஒரு சர்ச் விஷயந்தானே? ஏன் இந்தப் பெரியவர் சர்ச்சுக்குப் போறதயெல்லாம் எழுதறாரு?" என்றான். பக்தி அதிகம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுதுங்கள். எழுத மனமில்லையென்றால் வேண்டாம்.

நோலா

•

கூலபின்
ஏப்ரல் 24

நோலா,

பதினோரு பேர். அதில் இரண்டு பேர் பெட்டியைச் சுமக்க அடக்க ஊழியர் கூட்டிவந்தவர்கள். ஊரில் பாதிப் பேரின் கல்யாண உடுப்பைத் தைத்தவள் ஐடா. சாண்ட்விச் மீந்துபோய் கோழிகளுக்குப் போட்டார்கள்.

செவ்வாய் எட்டேகாலுக்கு நான் மதுக்கடை முன்னால் நான்கைந்து பேரைக் கூட்டி, வானொலியைச் சத்தமாக வைக்கச் சொல்லியிருந்தேன். என் கடிதம் வரப்போகிறது என்று பெருமையாகச் சொல்லியும் வைத்திருந்தேன். உன் குரல் வந்தது. தெற்குக் காற்று, அலை இரண்டடி, தண்ணீர் இதமாக இருக்கிறது என்றாய். இங்கே ஆற்றில் கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. அவர்களில் ஒருவன், கெவ் மாலி, கேட்டான், "இதுதான் நீ எழுதுனதா க்ளெம்? நல்லாத்தான் எழுதற. பலகைய எடுத்துட்டு வரட்டுமா?" இன்றுவரை தெருவில் என்னைப் பார்க்கிறவர்கள் அலை எப்படி என்றுதான் கேட்கிறார்கள்.

எரிச்சலில் பேனாவைக் குப்பையில் போட்டேன். சாயங்காலம் எடுத்துக்கொண்டேன். ஆறு மாதம் பாடுபட்டுப் பிடித்த பேனா.

நேற்று நெவில் கிரேடி போய்விட்டார். முப்பத்தெட்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். இப்போது விதைப்புக் காலம். அவர் பேருந்தில் போன பிள்ளைகள் எல்லாம் இன்றைக்கு ஐம்பது வயதில் டிராக்டரில் உட்கார்ந்து உன் வானொலியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வேறு எதுவும் அங்கே எட்டாது. நாளை விடுமுறை, அதனால் இன்றே போடுகிறேன். கடிதம் தனித் தாளில் இருக்கிறது. வியாழன், மே 2, பத்து மணி.

இந்தத் தடவை பெட்டியைப் பார்த்துப் போடு. போட்டபின் இன்னொரு தடவை பார்.

க்ளெம்

•

கூலபின்
மே 3

அன்புள்ள நோலா,

இன்று அவசரமாக எழுதுகிறேன். எழுத்து வழக்கத்தைவிட மோசமாக இருக்கும். ஆனால் உடனே எழுதியாக வேண்டும்.

செவ்வாய் என் கடிதம் ஒலிபரப்பில் வந்தது. புதனும் வந்தது. எட்டேகால் அடித்துச் சரியாக இரண்டு நிமிடத்தில். "கூலபினிலிருந்து க்ளெம்" என்று நீ முடித்ததும் நான் சமையலறையில் எழுந்து நின்றுவிட்டேன், ஏன் என்று தெரியவில்லை. அடுத்த நொடி அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். உன் மேலாளனிடம் சொல், அந்தப் பாட்டை நிறுத்தும்வரை வாரா வாரம் தனியாக ஒரு புகார் எழுத்தில் வரும்.

நேற்று சர்ச்சில் இடம் இல்லை. வாசலுக்கு வெளியே நின்றார்கள். சாலை முழுவதும் பண்ணை வண்டிகள். பாதிப் பேர் வயலிலிருந்து அப்படியே வந்திருந்தார்கள், பூட்ஸில் மண், தலையில் விதைத் தூசி. கெவ் மாலியும் வந்திருந்தான். அவனை ஒருமுறை ஒன்பது வயதில் நடுவழியில் நெவில் இறக்கிவிட்டாராம், வாய் அதிகம் என்று. பெட்டியின் ஒரு பக்கத்தை அவன் பிடித்தான். நான்காவது ஆளாக ஒரு கை வேண்டியிருந்தது. என் தோள் பழையதுதான், ஆனாலும் போய்ப் பிடித்தேன். டட்லியின் பெட்டியைப் பிடிக்காமல் போன கை. இறக்கி வைக்கும்வரை யாரும் என்னை விலகச் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் கெவ் அலையைப் பற்றிக் கேட்கவில்லை. "அடுத்து எப்ப எழுதற?" என்று மட்டும் கேட்டான்.

அதனால் வாரம் தவறாமல் எழுதுவேன். அடுத்த திங்கள் தபால் வண்டியில் வரும். அடக்க ஊழியரின் ஜன்னல் இன்று காலை காலியாகத்தான் இருந்தது. அது அப்படியே இருந்தால் மழையை மட்டும் எழுதுகிறேன். அதையும் விடாமல் வாசி, நோலா. மழை மட்டும் வந்தால், இந்த வாரம் எல்லோரும் இருக்கிறோம் என்று டிராக்டரில் இருப்பவர்களுக்குத் தெரியட்டும்.

க்ளெம்